வெட்னரி நர்ஸ் வேலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: பள்ளிப் படிப்பு முடிந்தது. வெட்னரி நர்ஸ் ஆக இன்னும் எத்தனை வருடம் படிக்க வேண்டும்?

பதில்: நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் டிப்ளமோ என்றால் இரண்டு முதல் மூன்று வருடம். அமெரிக்காவில் இதே வேலைக்கு வெட்னரி டெக்னீஷியன் என்று பெயர். பெரும்பாலும் 2 வருடப் படிப்பு, அதன்பின் வி.டி.என்.இ. என்ற தகுதித் தேர்வு. பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் விசாரித்துவிடுங்கள்: அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா? பிரிட்டனில் ஆர்.சி.வி.எஸ்., அமெரிக்காவில் ஏ.வி.எம்.ஏ. என்று பல நாடுகளில் இதைப் பார்க்க ஓர் அமைப்பு இருக்கும். ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் ஆன்லைனில் வாங்கும் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. பரவாயில்லையா?

பதில்: வர வைத்துக்கொள்ளுங்கள். மெலாக்சிகாம் என்ற வலி மருந்தையே எடுத்துக்கொள்வோம். 4 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 0.05 மி.கி. வீதம் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். மொத்தம் 0.2 மி.கி. பூனைக்கான சிரப்பில் ஒரு மி.லி.க்கு 0.5 மி.கி. மருந்து, ஆகவே 0.4 மி.லி. போதும். பக்கத்திலேயே நாய்க்கான பாட்டில் இருக்கும். அதில் ஒரு மி.லி.க்கு 1.5 மி.கி. கை தவறி அதை எடுத்தால் அதே 0.4 மி.லி.யில் மூன்று மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பூனையின் சிறுநீரகம் அதைத் தாங்காமல் போகலாம். பெருக்கல், வகுத்தல், தசமம், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் நடு ராத்திரியிலும் தப்பாமல் வர வேண்டும்.

கேள்வி: விலங்குகள் என்றால் எனக்கு உயிர். அது போதாதா?

பதில்: போதாது. ஆபரேஷன் நடக்கும்போது டாக்டரின் கண் கத்தி மேல் இருக்கும். மயக்கத்தில் கிடக்கும் நாயின் மூச்சு, நாடித்துடிப்பு, ஈறின் நிறம், உடல் சூடு எல்லாம் உங்கள் பொறுப்பு. ஈறு வெளுக்கிறது என்றால் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், டாக்டர் சிடுசிடுப்பவராக இருந்தாலும். ரத்தம் எடுப்பது, எக்ஸ்ரே, கூண்டு கழுவுவது, கருணைக்கொலைக்குப் பின் அழும் உரிமையாளருக்கு நாற்காலி போடுவது, எல்லாம் இதே வேலையில்தான் சேர்த்தி.

கேள்வி: சம்பளம்?

பதில்: உழைப்புக்குக் குறைவு, மறைக்க விரும்பவில்லை. அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரப்படி 2023 மே மாதத்தில் டெக்னீஷியன்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் (பாதிப் பேருக்கு இதற்கு மேல், பாதிப் பேருக்கு இதற்குக் கீழ்) 43,740 டாலர். கால்நடை மருத்துவர்களுக்கு 1,19,100. மயக்க மருந்து, அவசர சிகிச்சை போன்ற சிறப்புத் துறைகளும் இரவு ஷிஃப்ட்டும் சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றும். வேலைக்குச் சேருமுன், ஷிஃப்ட் முடிந்தும் நிற்கிற நேரத்துக்குக் காசு உண்டா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நர்ஸே ஆபரேஷன் செய்யலாமா?

பதில்: பிரிட்டனில் பதிவு பெற்ற நர்ஸ், டாக்டரின் உத்தரவின் பேரில் சிறு அறுவை செய்யலாம், வயிறு, மார்புக் கூட்டுக்குள் கை வைக்கக் கூடாது. நோய் இன்னதென்று தீர்மானிப்பது அங்கும் டாக்டர் வேலைதான்.

கேள்வி: எனக்கு 41 வயது. தாமதமாகிவிட்டதோ?

பதில்: இல்லை. முதுகை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மயக்கத்தில் கிடக்கும் 40 கிலோ நாயைத் தனியாகத் தூக்காதீர்கள். இன்னொருவர் வரும்வரை காத்திருங்கள், எவ்வளவு அவசரம் என்றாலும்.