ஐஓடி அமைப்புகளில் தானே தகவமைத்துக்கொள்ளும் மிடில்வேர் உண்மையில் தேவையா? இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கலாமா?

கேட்டிருப்பவர் பொறியியல் இறுதியாண்டு மாணவர் என்றும், கைடு ஒரு தலைப்பைக் கொடுத்து "இதில் ஏதாவது செய்துகொண்டு வா" என்று அனுப்பிவிட்டார் என்றும் எடுத்துக்கொள்கிறேன். "இது நிஜத்தில் தேவையா, அல்லது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதற்கான சரக்கா" என்று கேள்வியின் விளக்கத்தில் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் தூங்க முடியவில்லை, ஏனென்றால் பெங்களூருவில் இதே வேலையை ஆறு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நான் எழுதிய ஒரு தகவமைப்பு விதியால் வேறொருவருடைய சம்பளத்தில் பிடித்தம் விழுந்திருக்கிறது. நான் ஆராய்ச்சியாளர் இல்லை. முனைவர் பட்டம் பெற்றவர்கள் கீழே வந்து திருத்தலாம், மறுப்பில்லை.

முதலில் சுருக்கமாக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐஓடி, அதாவது இணையத்தோடு இணைந்த கருவிகளின் அமைப்பில், ஒரு பக்கம் சென்சார்கள், மறுபக்கம் கைப்பேசிச் செயலி. இரண்டுக்கும் நடுவில் நின்று தகவலை வாங்கி, மொழிபெயர்த்து, சேமித்து, உரிய இடத்துக்கு அனுப்பும் மென்பொருள் அடுக்குதான் மிடில்வேர். சென்சாரின் பேட்டரி குறையும், ரேடியோ இணைப்பு மங்கும், புதுக் கருவிகள் வந்து சேரும், பழையவை சொல்லாமல் செத்துப்போகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து அமைப்பை மாற்ற முடியாது என்பதால், அந்த அடுக்கே நிலைமையைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே கருத்து. ஐபிஎம் நிறுவனத்தின் பால் ஹார்ன் 2001இல் இதை முன்வைத்தபோது, நாம் நினைக்காமலே இதயத் துடிப்பையும் உடல் வெப்பத்தையும் பார்த்துக்கொள்ளும் தன்னியக்க நரம்பு மண்டலத்தை உவமையாகச் சொன்னார். 2003இல் அதே நிறுவனத்தின் கெஃபார்ட்டும் செஸ்ஸும் எழுதிய கட்டுரை அந்த எண்ணத்துக்கு ஒரு சுழற்சி வடிவம் கொடுத்தது: கண்காணி, ஆராய், திட்டமிடு, செயல்படுத்து, இவை நான்கும் பகிர்ந்துகொள்ளும் அறிவு. இதைத்தான் மேப்-கே என்று உங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த "கே", அதாவது அமைப்பு தன் சூழலைப் பற்றி வைத்திருக்கும் அறிவு, பாடத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும். என் தலைவலி முழுவதும் அங்கேதான் இருந்தது.

2024 மார்ச் மாதம் பெங்களூருவில் இருந்தவர்களுக்குத் தண்ணீர்க் கதையை விளக்க வேண்டியதில்லை. போர்வெல்கள் வற்றி, 12,000 லிட்டர் டேங்கருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயித்த மாதம் அது; குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த மாதமும் அதுதான். சர்ஜாபூர் சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தில் நாங்கள் நீர்மட்ட சென்சார்கள் பொருத்தியிருந்தோம். 50,000 லிட்டர் சம்ப், அதாவது தரையடித் தொட்டி. அதன் கான்கிரீட் மூடிக்கு அடியில் அல்ட்ராசோனிக் சென்சாரும் லோராவான் ரேடியோவும் (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் வகை) உள்ள ஒரு சாம்பல் நிறப் பெட்டி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தை அனுப்பும். பேட்டரி மூன்று ஆண்டு தாங்கும் என்று விற்பனைப் பிரிவு வாக்குக் கொடுத்திருந்தது, அதைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

லோராவானுக்கு அடியில் இருக்கும் லோரா என்ற ரேடியோ நுட்பத்தில் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் என்று ஒன்று உண்டு, 7 முதல் 12 வரை. எண் கூடக் கூடச் சிக்னல் தூரம் போகும், தடைகளைத் தாண்டும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் அனுப்பும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எங்கள் சிறிய செய்தி 7இல் சுமார் 60 மில்லிவினாடியில் போய்விடும், 12இல் ஒன்றரை வினாடி எடுக்கும். அவ்வளவு நேரமும் ரேடியோ பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். ஆகவே நான் எழுதிய விதி இப்படி இருந்தது: கடைசி ஐந்து செய்திகளில் மூன்று தொலைந்தால் இணைப்பு பலவீனம் என்று முடிவு செய், ஃபேக்டரை 12க்கு ஏற்று, பேட்டரியை ஈடுகட்ட இடைவெளியை 20 நிமிடமாக்கு. ஆய்வகத்தில் அது அழகாக வேலை செய்தது. பாராட்டும் கிடைத்தது, பொய் சொல்வானேன்.

அந்த மார்ச் மாதத்தில் ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு முதல் டேங்கர் வந்தது. அந்த அடுக்ககத்தில் லாரி நிற்கக்கூடிய ஒரே இடம் சம்ப்பின் பெரிய மூடிக்கு மேலேதான். பக்கத்தில் உள்ள சிறிய துளை வழியாகக் குழாயை விடுவார்கள். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் நிரம்பிய இரும்பு உருளை ஒன்று ஆன்டெனாவுக்கு நேர் மேலே வந்து நின்றால் ரேடியோவுக்கு என்ன ஆகும் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. ஐந்தில் மூன்று செய்திகள் தொலைந்தன. லாரி நகர்ந்ததும் 12:05க்கு வந்த செய்தி 42 விழுக்காடு என்றது. அதற்கான பதிலோடு, என் விதி எழுதி வைத்திருந்த கட்டளையும் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு மூன்று டேங்கர்கள் வரிசையாக வந்தன. ஒன்று விலகி அடுத்தது நிற்பதற்கு நடுவில் ஐந்தாறு நிமிடம் மூடிக்கு மேல் வானம் திறந்திருந்தது, பழைய ஐந்து நிமிட இடைவெளி இருந்திருந்தால் அந்தச் சந்தில் ஒரு செய்தியாவது நழுவி வந்திருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வாய் திறந்த பெட்டி, திறந்த மூன்று முறையும் லாரிக்கு அடியில் இருந்தது. அதைத் தட்டி எழுப்பவும் வழியில்லை, ஏனென்றால் இத்தகைய ஏ வகை லோராவான் கருவி தான் ஒரு செய்தி அனுப்பிய பிறகு மட்டுமே இரண்டு சிறு ஜன்னல்களைத் திறந்து நம் கட்டளையைக் கேட்கும்.

இரண்டாவது பிழை இதைவிடக் கேவலமானது. எங்கள் செயலி எம்க்யூடிடி என்ற செய்திப் பரிமாற்ற முறை வழியாக, புரோக்கர் எனப்படும் இடைநிலை சர்வரிடமிருந்து தகவல் வாங்குகிறது. அதில் ஒரு செய்தியை "ரீடெய்ன்" செய்யச் சொன்னால், யார் புதிதாக வந்து கேட்டாலும் புரோக்கர் கடைசியாக வைத்திருக்கும் செய்தியை உடனே எடுத்துக் கொடுக்கும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் செயலியைத் திறந்தபோது, புரோக்கர் 12:05இன் 42 விழுக்காட்டைக் கொடுத்தது. செயலியோ, சென்சார் அளந்த நேரத்தை விட்டுவிட்டுச் செய்தி கைக்கு வந்த நேரத்தைக் கணக்கில் கொண்டு "இப்போது: 42%" என்று பச்சை நிறத்தில் காட்டியது. "இன்னும் பாதி கூட நிறையலையே, கடைசி டேங்கரையும் ஊத்தச் சொல்லுங்க" என்று அவர் காவலாளியிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். கணக்கு எளிது: 42 விழுக்காடான 21,000 லிட்டரோடு, அதற்குப் பின் வந்த மூன்று பன்னிரண்டாயிரம், மொத்தம் 57,000. ஏழாயிரம் லிட்டர் சாலையில் ஓடியது.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை. மறுநாள் மடிக்கணினியோடு போய்ப் பதிவுகளைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்து அங்கே பம்ப்பும் காவலும் பார்க்கும் அண்ணன் ஒருவர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மேடம், லாரி வந்து நின்னா உங்க பெட்டி தூங்கிப் போயிடுதுங்க. தினமும் பாக்கறேன்" என்றார். ஏன் அண்ணா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யாருங்க கேட்டாங்க?" என்றார். பதிவுகளில் ஒவ்வொரு இரவும் செய்தி தொலைந்த நேரத்தையும், அவர் கேட்டில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த டேங்கர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாகப் பொருந்தின. மேப்-கேயில் அந்தக் கடைசி எழுத்து என்னவென்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்: அறிவு கேட்டில் ஒரு நோட்டில் இருந்தது, என் விதியோ "செய்தி தொலைந்தால் இணைப்பு பலவீனம்" என்ற ஒரே ஒரு விளக்கத்தை வைத்துக்கொண்டு தன்னைத் தகவமைத்துக்கொண்டிருந்தது. மட்டம் மிக வேகமாக ஏறும் நேரமும் செய்தி தொலையும் நேரமும் ஒன்றே என்பது அதற்குத் தெரியாது. எனக்கே தெரியாததை அது எப்படி அறியும்.

பிறகு செய்த மாற்றங்களில் பாதிச் சிக்கலைத் தீர்த்தது மென்பொருளே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்று மீட்டர் கேபிள் போட்டு ஆன்டெனாவை மதில் மேல் ஏற்றினோம், அவ்வளவுதான். மீதிப் பாதிக்கு, முடிவெடுக்கும் பொறுப்பில் ஒரு பகுதியைப் பெட்டிக்கே கொடுத்தோம். அடுத்தடுத்த இரண்டு அளவுகளில் மட்டம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால், மேலிருந்து என்ன கட்டளை வந்திருந்தாலும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, வழி கிடைக்கும்போதெல்லாம் அனுப்பும். பேட்டரியைக் காரணம் காட்டி இந்த விதியை எதுவும் மீற முடியாது. ஃபேக்டரை மாற்றும் வேலையிலிருந்து எங்கள் மிடில்வேர் கையை எடுத்துக்கொண்டது, ஏனென்றால் லோராவான் நெட்வொர்க் சர்வரிடம் ஏற்கெனவே ஏடிஆர் என்ற தகவமைப்பு இருக்கிறது. அது அண்மைச் செய்திகளின் சிக்னல் தரத்தைப் பார்த்து, வழக்கமாகக் கடைசி இருபதைப் பார்த்து, அதே திருகைத் திருப்புகிறது. ஒரு திருகை இரண்டு கைகள் திருப்பினால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய பதிவுகளில் சாட்சி இருந்தது: ஒரு வாரம் முழுக்க அது இறக்கியிருக்கிறது, நான் ஏற்றியிருக்கிறேன். இடைவெளியை மாற்றும் விதிக்கும் கடிவாளம் போட்டோம். 30 விழுக்காட்டுக்கு மேல் தொலைந்தால்தான் ஒரு பக்கம் போகும், 10 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால்தான் திரும்பும், நடுவில் அசையாது. ஒருமுறை மாறினால் அடுத்த ஆறு செய்திகள் வரை கைகட்டி நிற்கும். 10க்கும் 30க்கும் நடுவில் இந்த அசையாத பகுதி இல்லாவிட்டால் எல்லையில் நின்று ஊசலாடும் அமைப்பைக் கண்ணால் பார்க்கலாம், ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட்டுக்கு உள்ள அதே பிரச்சினைதான்.

செயலியில் "தெரியவில்லை" என்று ஒரு நிலையும் சேர்த்தோம். எதிர்பார்த்த இடைவெளியில் இரண்டு மடங்கு கடந்தும் செய்தி வரவில்லை என்றால் எண் மறைந்து அந்தச் சொல் சாம்பல் நிறத்தில் வரும். இதை எடுத்துவிடச் சொல்லி விற்பனைப் பிரிவிலிருந்து இரண்டு முறை மின்னஞ்சல் வந்தது. வாடிக்கையாளர் நம்பிக்கை குறைகிறதாம். எடுக்கவில்லை.

"இதற்கு ஒரு மிதவை வால்வு போதாதா" என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: வாரியக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரை மிதவை வால்வு நிறுத்தும், துளை வழியாக டேங்கர் குழாய் கொட்டுவதை அது எப்படி நிறுத்தும்? "ஏன் பேட்டரி, மின்சாரம் கொடுத்திருக்கலாமே" என்பவர்கள் ஈரம் சொட்டும் சம்ப்புக்குள் 230 வோல்ட் கம்பியை இறக்கிக் காட்டட்டும். "ஒரே அடுக்ககத்தை வைத்து முழுத் துறையையும் எடை போடாதே" என்பவர்கள் சொல்வது மட்டும் சரி. நூற்றுக்கணக்கான கட்டடங்களில் ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய முடியாது, அங்கே தகவமைப்பு இல்லாமல் பிழைக்க வழியே இல்லை. தேவையா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் "தேவை" என்பதுதான்.

ஆனால் ஒன்றை மறக்க முடியவில்லை. அந்த ஏழாயிரம் லிட்டருக்காகச் சங்கக் கூட்டத்தில் ஒரு டேங்கர் விலையை அந்த அண்ணனின் சம்பளத்தில் பிடித்தார்கள். டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்திருக்க வேண்டும் என்பது குற்றச்சாட்டு. செயலி வந்த புதிதில் "இனிமேல் எட்டிப் பார்க்க வேண்டாம், போன்லயே தெரியும்" என்று அவரிடம் சொன்னதும் அதே சங்கம்தான். கூட்டத்தில் ஆதாரமாகக் காட்டப்பட்டது எங்கள் அறிக்கை. அதில் "மனிதத் தவறு" என்று என் மேலதிகாரி எழுதியிருந்தார். அந்த மனிதர் விதியை எழுதிய நான் என்று விளக்கி இரண்டு பக்கம் மின்னஞ்சல் அனுப்பினேன். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தது, பிடித்த பணம் திரும்பவில்லை. விற்பனைத் தாளில் இதே அமைப்புக்குத் "தானே குணமாகும்" என்று பெயர்.

ப்ராஜெக்ட்டுக்கு வருகிறேன். எடுங்கள், ஆனால் பெரிய கட்டமைப்பை வரையாதீர்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் 2017இல் டெல்டாஐஓடி என்ற சோதனைக் களத்தை வெளியிட்டார்கள். 15 லோரா நோட்கள் (சென்சார் கருவிகள்), அவற்றின் செய்தி இழப்புக்கும் மின்செலவுக்கும் நடுவில் சமநிலை காண வேண்டும்; சிமுலேட்டரும் கிடைக்கிறது. அதை ஓட்டி, ஒரு கருவியின் செய்திகளைக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வேண்டுமென்றே தொலையச் செய்து, உங்கள் சுழற்சி என்ன முடிவெடுக்கிறது என்று பாருங்கள். முடிவுக்கு அது சொல்லும் காரணம் உண்மைக் காரணத்தோடு எத்தனை முறை பொருந்துகிறது என்பதை ஒரு அட்டவணையாகப் போட்டால் வைவாவில் பேச விஷயம் இருக்கும். நேரம் இருந்தால் உங்கள் ஊரில் ஏதாவது ஒரு தொட்டியில் ஒரே ஒரு சென்சாரைப் பொருத்தி ஒரு வாரம் ஓட்டுங்கள். அந்த வாரத்தில் அங்கே பம்ப் போடுபவரிடம் எந்தெந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். கைடு ஒப்புக்கொள்ள மறுத்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், எங்கள் பழைய விதியின் போலிக் குறிநிரலை (சூடோகோட்) அனுப்புகிறேன்.