கல்யாணமாகி ரெண்டு குழந்தையும் ஆயாச்சு, மறுபடி ஃபுட்பால் ரெஃப்ரியா இறங்கலாமா?

தாராளமா இறங்கலாமுங்க. "ஏழெட்டு வருஷம் முன்னாடி கோயம்புத்தூர் பக்கம் லீக் மேட்ச் ஊதிட்டிருந்தேன், சின்னதுக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகலை, மூச்சு தாங்குமா"ன்னு கேட்டிருக்கீங்க. மூச்சு ரெண்டு மாசத்துல திரும்பிடும். மைதானத்துல உங்களை மாட்டி விடப்போறது பழைய சட்டம். வீட்டுல மாட்டி விடப்போறது "தொண்ணூறு நிமிஷ மேட்ச்தானே"ங்கற கணக்கு.

சட்டத்துல இருந்து வர்றேன். வருஷா வருஷம் ஜூலை 1ல இருந்து புது மாற்றம் அமலாகும். நீங்க விட்டப்போ கோல் கிக் பெனால்டி பாக்ஸைத் தாண்டியாகணும். 2019க்கு அப்புறம் உதைச்சு பந்து நகர்ந்தாலே ஆட்டம் நடக்குது. கீப்பர் பக்கத்துல நிக்கற டிஃபெண்டருக்குத் தட்டுவாரு. பழைய கை விசிலடிச்சு ரீடேக் கொடுக்கும், பத்தாங்கிளாஸ் பையன் சிரிப்பான். டிராப் பாலுக்கு (நின்ன ஆட்டத்தை ரெஃப்ரி பந்தைக் கீழ போட்டு ஆரம்பிக்கறது) ரெண்டு பேரு முட்டிக்கறதும் அதே வருஷத்தோட போச்சு: ஒரு டீமுக்குத்தான் போடணும், மத்தவங்க 4 மீட்டர் தள்ளி நிக்கணும். பந்து உங்க மேல பட்டு எதிர் டீம்கிட்ட போனாலும் நிறுத்தி டிராப் பால்தான். ஃப்ரீ கிக்குக்கு டிஃபெண்டருங்க மூணு பேர் சுவர் கட்டினா அட்டாக்கர் 1 மீட்டர் விலகணும். பாக்ஸுக்குள்ள பந்தை எடுக்கப் போய் ஃபவுல் ஆகி கோல் வாய்ப்பு கெட்டா, பெனால்டியோட மஞ்சள் போதும். பிடிச்சு இழுத்தா, தள்ளினா சிவப்பு. கீப்பர் பந்தைப் பிடிச்சுட்டு நிக்கற 6 விநாடிக் கணக்கும் இப்ப இல்லை. 2025ல இருந்து 8 விநாடி. கடைசி அஞ்சைக் கையை உயர்த்தி விரல்ல எண்ணிக் காட்டணும், தாண்டினா எதிர் டீமுக்குக் கார்னர். ஐஃபேப் (ஃபுட்பால் சட்டம் எழுதற அமைப்பு) தளத்துல சட்டப் புத்தகம் இலவசம். முழுசும் வேண்டாம், நீங்க விட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் 'மாற்றங்கள்' பக்கத்தை மட்டும் பாருங்க. தொட்டில் ஆட்டிக்கிட்டே முடிச்சிடலாம்.

உடம்புக்கு: சர்வதேச ஆண் ரெஃப்ரிங்களுக்கு ஃபிஃபா வெக்கற சோதனைல 75 மீட்டரை 15 விநாடில ஓடி, 25 மீட்டரை 18 விநாடில நடந்து, இப்படி 40 தடவை. நமக்கு அந்த வேகம் தேவையில்லை, அமைப்பை மட்டும் எடுத்துக்கலாம். மைதானத்தோட ஓரக்கோட்டுல செருப்பை அடையாளமா வெச்சு 75 மீட்டரை 18 விநாடில ஓடுங்க, 25 நடங்க. முதல் வாரம் 12 தடவை, வாரத்துக்கு நாலு கூட்டினா எட்டாவது வாரம் 40. பின்னோக்கி ஓட்டமும் பக்கவாட்டு ஓட்டமும் பத்து நிமிஷம் சேர்த்துக்கணும், ஏன்னா பின்னாடி போய்ட்டிருந்தவர் திடீர்னு திரும்பிப் பாயற இடத்துலதான் கெண்டைக்கால் பிடிச்சுக்கும். மாடிப்படி நுனில நின்னு குதிகாலை ஏத்தி இறக்கறது, 15 வீதம் மூணு தடவை. நம்ம ஊர் மைதானம் பாதி கட்டாந்தரை. நீள ஸ்டட் வெச்ச ஷூ குதிகாலைக் கொன்னுடும். குட்டைக் குமிழ் வெச்ச டர்ஃப் ஷூ வாங்குங்க.

இப்ப வீட்டுக் கணக்கு. கோயம்புத்தூர்ல இருந்து பொள்ளாச்சி போக ஒரு மணி நேரத்துக்கு மேல, வர அதே அளவு. முக்கால் மணி முன்னாடி போய் நெட்டு கட்டியிருக்கா, கோல் போஸ்ட் சாயாம ஊன்றியிருக்கா, பந்துல காத்து எவ்வளவுன்னு பாக்கணும். கட்டாந்தரைக்கு 9 பிஎஸ்ஐ போதும், அதுக்கு மேல அடிச்சா தலைக்கு மேலயே எகிறிட்டிருக்கும். மேட்ச், இடைவேளை, ரிப்போர்ட் எல்லாம் சேர்ந்து அஞ்சு மணி நேரம். வீட்டம்மாகிட்ட அந்த அஞ்சைச் சொல்லுங்க. மாசப் பிறப்புலயே ரெண்டு தேதி உங்களுக்கு, ரெண்டு ஞாயிறு அவங்களுக்குன்னு காலண்டர்ல குறிச்சிடுங்க. காதுகுத்து, கெடாவெட்டு, முகூர்த்தம் எல்லாம் ஞாயித்துக்கிழமைதான் வரும், அதுக்கும் இடம் விடணும். ஆடில முகூர்த்தம் இல்லை, ஞாயிறு காலியா கிடைக்கும். ஆனா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கும். எதிர்க்காத்துல விசில் சத்தம் தூரம் போகாது, ஆட்டத்துக்குக் கொஞ்சம் கிட்டயே ஓடுங்க. குழந்தைக்குக் காய்ச்சல்னா முந்தின நாள் ராத்திரியே போஸ்டிங் போடறவருக்குச் சொல்லிடணும். காலைல ஆறு மணிக்குச் சொன்னா அவர் ஆளுக்கு எங்க போவாரு?

பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமான்னு கேப்பீங்க. கூட வேற பெரியவங்க இருந்தா மட்டும். நீங்க நடுவுல ஓடும்போது யாரு பாப்பாங்க, அப்பனைத் திட்டறதை வேற கேக்கணும்.

ஒண்ணு மட்டும் எடுக்காதீங்க: ஒரு நாள் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர்) டோர்னமெண்ட். காலைல ஏழுக்கு ஆரம்பிச்சு ஃப்ளட்லைட் வரைக்கும் ஒரே ஆளை வெச்சு ஓட்டுவாங்க. "எங்க ஊர்ல அப்படி இல்லையே"ன்னு யாராவது கமெண்ட்ல வருவாங்க, சந்தோஷம், நல்ல கமிட்டிகளும் இருக்கு. ஆனா நிறைய இடத்துல கோப்பை ஆள் உயரம் இருக்கும், மைக் செட்டு நாலு தெரு தாண்டிக் கேக்கும், ஸ்ட்ரெச்சர் இருக்காது, ஐஸ் கட்டி இருக்காது. சிறப்பு விருந்தினர் கை குலுக்க வர்ற வரைக்கும் வார்ம்-அப் செஞ்ச பசங்க உடம்பு ஆறி நிப்பாங்க. அதுல ஒருத்தன் தொடை பிடிச்சு விழுந்தா ரெஃப்ரி நேரத்தை வீணாக்கறாருன்னு மைக்ல சொல்வாங்க. ரெஃப்ரி காசு ஃபைனல் முடிஞ்சு ராத்திரி பத்துக்கு, இல்லைன்னா "நாளைக்கு ஜிபே பண்ணிடறோம்". காசுக்கு ஊதறவன்னு என்னைச் சொல்றவங்க சொல்லட்டும், பெட்ரோலும் காசுதான்.

எடுத்தே ஆகணும்னா வாட்ஸ்அப்புல எழுத்தா வாங்குங்க: ஒருத்தருக்கு எத்தனை மேட்ச், ஹாஃப் எத்தனை நிமிஷம், ஆஃப்சைடு உண்டா, சப் எத்தனை, டிரா ஆனா நேரா பெனால்டியா, காசு எப்போ.

ஆரம்பத்துக்கு ஸ்கூல் மேட்சும் லீக்கோட லைன் வேலையும் (ஓரக்கோட்டுல கொடி பிடிக்கறது) எடுங்க. பைல ரெண்டு விசில் (உள்ள குண்டு இல்லாத ரகம், எச்சில்ல அடைக்காது), ரெண்டு வாட்ச், பேனா வேண்டாம் பென்சில், வேர்வைல அழியாது. கறுப்புச் சட்டை ஒண்ணு மட்டும் வெச்சுட்டுப் போகாதீங்க. திருப்பூர் பக்கத்துலயே இருக்கு, எல்லா டீமும் பிரிண்ட் அடிச்ச கறுப்பு ஜெர்சிலதான் வந்து நிக்கும். மஞ்சள் ஒண்ணு மடிச்சு வெச்சுக்கோங்க.