ஐந்து பெயர், ஒரு கையெழுத்து

கேள்வி: பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறேன். வார இறுதியில் முகாமைத்துவப் பட்டப்படிப்பு. குழு ஒப்படையில் ஐந்து பெயர் இருக்கும். இரவிரவாக இருந்து எழுதுவது நான். இம்முறை நெல் ஆலையொன்றின் செலவுக் கணக்கு. நெற்களஞ்சியத்தில் வேலை செய்யும் ஒருவரும் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரும் வாயே திறப்பதில்லை. இவர்களின் பெயரை வெட்டலாமா? தனியாகப் படிப்பது நல்லதல்லவா?
– வாசகி, விசுவமடு

பதில்: வெட்டலாம், தங்கச்சி. ஆனால் ஒப்படையைக் கையளிக்கும் நாளில் வெட்டினால் அது சண்டையில்தான் முடியும். யார் எதற்குப் பொறுப்பு என்று தொடக்கத்திலேயே எழுதி, ஐவரும் கையொப்பமிட்டு, விரிவுரையாளரிடமும் ஒரு பிரதி கொடுத்திருந்தால் எவரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

இந்தச் சோம்பல் வன்னிக்கு மட்டும் வாய்த்ததல்ல. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் ஆட்களைக் கயிறிழுக்க வைத்து அளந்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரிடமிருந்தும் வந்தது தனியே இழுக்கும் பலத்தில் ஏறத்தாழப் பாதிதான். பிற்கால அமெரிக்க ஆய்வாளர்கள் ஆட்களைக் கூட்டமாகச் சத்தமிடச் சொல்லிப் பார்த்தார்கள். தன் பங்கு தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் எவரும் குரலைக் குறைக்கவில்லை. அந்தக் கையொப்பத்தாள் எதற்கென்று இப்போது விளங்கும்.

ஆனால் எனக்கு உங்கள் மீதும் ஒரு கோபம் உண்டு. நெல் ஆலைக் கணக்கு எழுதுகிறீர்கள். களஞ்சியக்காரரைச் சும்மா இருக்க விட்டிருக்கிறீர்கள்! 20 சதவீத ஈரத்தோடு வரும் 100 கிலோ நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 93 கிலோதான் மிஞ்சும். கொள்வனவுப் பற்றுச்சீட்டில் 100 கிலோ. மூட்டை கட்டும்போது 93. அந்த ஏழு கிலோவின் விலையும் மிஞ்சிய நெல்லின் தலையில்தான் ஏறும். சீட்டை மட்டும் பார்த்து எழுதினால் ஒரு கிலோவின் அடக்கவிலை தொடக்கத்திலேயே பிழைத்துவிடும். நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே ஈரம் சொல்லும் ஆட்கள் களஞ்சியங்களில் இருக்கிறார்கள். அவரை எழுதச் சொல்லாதீர்கள், பேசச் சொல்லுங்கள். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் குறிப்பெடுக்கட்டும்.

ஆடைத் தொழிற்சாலைக்காரருக்கு வேலைமுறை மாறி மாறி வருமோ என்னவோ. மாலைக் கூட்டத்துக்கு வரமுடியாதவரிடம் கூலி, மேலதிக நேரக் கொடுப்பனவுப் பகுதியைக் கொடுங்கள். வேலை முடிந்து வந்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பட்டும், அதுவும் பங்களிப்புத்தான்.

தனியாகப் படிப்பதா? இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு திறமைப் புள்ளிக்கு (கிரெடிட்) 50 மணி நேரக் கற்றல் வேண்டும். சிறப்புப் பட்டத்துக்கு 120 புள்ளிகள். அதாவது 6,000 மணி நேரம். பகல் முழுவதும் சங்கக் கணக்கைப் பார்த்துவிட்டு வருபவர் இதைத் தனியே இழுப்பது கடினம். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தவர்கள் நாங்கள். ஒரு போத்தல் விளக்கைச் சுற்றி நால்வர், நால்வருக்கும் ஒரே புத்தகம். ஒருவர் உரக்க வாசிப்பார். விளங்காத இடத்தில் மற்றவர் மறிப்பார். பரீட்சை மண்டபத்தில் எனக்கு நினைவுக்கு வந்தவை பெரும்பாலும் அப்படி மறித்துக் கேட்ட இடங்கள்தான்.

கடைசித் தட்டச்சு வேலையை இம்முறை நீங்கள் எடுக்க வேண்டாம். வேறொருவரிடம் கொடுங்கள். எழுத்துப்பிழை வந்தால் வரட்டும், நீங்கள் அந்த இரவு தூங்குங்கள்.