அடுப்பில் கால் வைத்த மோகினி

பழைய பேய்ப்பட இயக்குநர்களில் இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்கத் தக்கவர் யார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் பி. விட்டலாச்சார்யா. நம்ப முடியாத எதைக் கண்டாலும் "விட்டலாச்சார்யா படமாட்டம் இருக்குது" என்று சொல்லிச் சொல்லியே அவர் பெயரைக் கேலிச்சொல் ஆக்கிவிட்டோம். போன மாதம் அவருடைய படங்கள் நாலைந்தை வரிசையாகப் பார்த்தேன். அந்தக் கேலி நியாயமில்லை என்றே தோன்றுகிறது.

எங்களுக்குத் தாராபுரம் பக்கம் ஒரு கிராமம். நான் மூன்றாவது படித்தபோது ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ் வந்து கொட்டாய் போட்டார்கள். ஒலிபெருக்கியில் சாமிப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்பு. அம்மாவும், அம்மாவைப் பெற்ற அம்மிச்சியும் என்னைப் பெண்கள் பக்கம் மணலில் உட்கார வைத்துக்கொண்டார்கள். படம் 'ஜெகன்மோகினி'. 1978இல் தெலுங்கில் வந்து தமிழ் பேசிய படம். நரசிம்மராஜு, ஜெயமாலினி, பிரபா.

மோகினி விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரித்துச் சமைக்கும் காட்சியை அந்தத் தலைமுறையில் மறந்தவர் கிடையாது. எனக்கு அதன் மிச்சம் மறுநாள் காலையில் இருந்தது. அம்மிச்சிக்கு மூட்டு வலி. மடக்கி உட்கார முடியாமல் இடது காலை அடுப்பங்கல் வரைக்கும் நீட்டித்தான் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச்செடிக் குச்சிகளை, அடுப்புக்குள் தள்ளுவார். சேலைக் கரைக்குக் கீழே புகை படிந்த பாதம், பக்கத்திலேயே தணல். அதைப் பார்த்ததும் வட்டலைக் கீழே போட்டுவிட்டுக் கட்டுத்தரைக்கு ஓடிப்போனேன். "ஏங்கண்ணு, சோறு வேண்டாமா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூன்று நாள் சமையற்கட்டுக்குள் போகவில்லை.

பாழடைந்த பங்களாவிலோ சுடுகாட்டிலோ வரும் பேய் என்றால், படம் முடிந்ததும் அங்கேயே நின்றுவிடும். நாம் அங்கெல்லாம் போகப் போவதில்லை. விட்டலாச்சார்யாவின் பேய் அடுப்படியில் உட்கார்ந்து ஆக்கிப் போடுகிறது, வீட்டோடு வந்துவிடுகிறது. 1920இல் உடுப்பிப் பக்கம் பிறந்தவர் அவர். படம் எடுக்க வருவதற்கு முன் ஓட்டல் நடத்தியிருக்கிறார், பிறகு நண்பர்களோடு சேர்ந்து டூரிங் டாக்கீஸ் நடத்தியிருக்கிறார். கொட்டாய் மணலில் உட்காரும் சனம் எதைப் பார்த்து வாயைப் பிளக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அடுப்படி அவருக்கு அப்படி வசப்பட்டதற்கு அந்த ஓட்டலும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

அன்றைக்கு ஏது கம்ப்யூட்டர். கேமராவை நிறுத்தி ஆளை மாற்றி மறுபடி ஓட்டுவது, லென்ஸில் பாதியை மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி மறுபாதியை எடுப்பது, இவைதான் அப்போதைய தந்திரக் காட்சிகள். எங்கள் மாமா டவுன் ஸ்டுடியோவில் தனக்குத்தானே கைகொடுப்பது போல ஒரு போட்டோ எடுத்துவந்து வாசல் சுவரில் மாட்டியிருந்தார். அதே வித்தைதான். உற்றுப் பார்த்தால் இரண்டு மாமாவுக்கும் நடுவில் மங்கலாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு தெரிந்த பிறகும் நான் அந்தப் போட்டோவைப் பார்ப்பதை விடவில்லை. கையால் செய்ததன் தடம் தெரிவது இன்றைக்கு எனக்கு இன்னும் பிடிக்கிறது.

இந்த முறை பார்த்தபோது அதைவிட அழுத்தமாகப் பட்டது மோகினியின் வழக்கு. ஒருத்தனை நம்பி ஏமாந்து உயிரை விட்டவள் அவள். கொட்டாயில் பையன்கள் நாங்கள் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தபோது பெண்கள் பக்கத்தில் "பாவம்ங்க அவ" என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் கன்னிமார் மேடை இருக்கிறது, வீரமாத்தி கோயில் இருக்கிறது. ஆயுசு முடியாமல் செத்த பெண்ணுக்குப் பயப்படுவதும் பொங்கல் வைப்பதும் எங்களுக்கு ஒரே காரியம். அந்தச் சனத்துக்கு மோகினி அன்னியமாகத் தெரிந்திருக்க மாட்டாள். கதை கடைசியில் பக்தியுள்ள மனைவியின் பக்கம் சாய்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் தப்பு யார்மேல் என்பதைப் படம் மறைக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. முன்வரிசைக்காக வைத்த ஆட்டங்கள் நீளம். சிரிப்புக் காட்சிகளைத் தள்ளிவிட்டுத்தான் பார்த்தேன். 'ஜெகன்மோகினி' ஓடிய பிறகு வந்தவற்றில் அதே சரக்கைத் திருப்பித் திருப்பி அரைத்திருக்கிறார். 2009இல் நமீதா நடித்து அதே பெயரில் தமிழில் வந்த படம் என் மனசில் ஒட்டவே இல்லை.

முதல்முறை பார்ப்பவர் என்றால் 'ஜெகன்மோகினி'யில் தொடங்குங்கள். கூட வீட்டுப் பெரியவர் ஒருவரையும் உட்கார வையுங்கள். நான் அம்மாவோடு பார்த்தேன். அவருக்கு இப்போது எழுபத்தாறு. மடியில் அவரைக்காய் முறம். அடுப்புக் காட்சி வந்ததும் நார் உரிப்பதை நிறுத்திவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். காட்சி முடிந்த பிறகு, என்னிடம் சொல்கிற மாதிரிகூட இல்லாமல், "யாராச்சும் ஒரு கத்தை பருத்திமாரு கொண்டாந்து போட்டிருக்கலாமல்ல" என்றார்.