ஜிலாங்கின் 14ஆம் எண்: ஜோயல் செல்வுட் பற்றிய கேள்வி பதில்

ஆஸ்திரேலியக் கால்பந்தின் கேப்டன்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசலாம் என்று சொன்னதும் யாரைப் பற்றி என்று நான் யோசிக்கவே இல்லை. 2006 முதல் விக்டோரியா மாநிலத்தின் ஜிலாங் நகரில் குடியிருக்கிறேன். ஜிலாங் அணியின் முன்னாள் கேப்டன் ஜோயல் செல்வுட் ஆடிய பதினாறு பருவங்களையும் பார்த்தவன். வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, என் பதில்களைக் கீழே தருகிறேன்.

கேள்வி (சிட்னிக்கு வந்து மூன்று மாதமான வாசகி): ஐயா, எனக்கு இந்த ஆட்டமே புரியவில்லை. முட்டை வடிவப் பந்தை உதைக்கிறார்கள், கையாலும் தட்டுகிறார்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டுக் கேப்டனுக்கு வாருங்கள்.

சரி அம்மா. கிரிக்கெட் மைதானம் அளவுக்கு ஒரு நீள்வட்டத் திடல். அணிக்கு 18 பேர் களத்தில் இருப்பார்கள். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் கோல், 6 புள்ளி. அவற்றை அடுத்துள்ள குட்டைக் கம்பங்களுக்கு உள்ளே போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி. பந்தைக் கையால் எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கை முட்டியால் குத்தி அனுப்ப வேண்டும். 15 மீட்டருக்குக் குறையாமல் உதைபட்டு வரும் பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் அது ‘மார்க்’. பிடித்தவரை யாரும் தொட முடியாது. நின்று நிதானமாக உதைக்கலாம். நான்கு காலாண்டுகள் ஆடுவார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியைப் பார்க்கப் பார்க்கக் கண்ணே கற்றுக்கொள்ளும்.

செல்வுட் நடுக்கள வீரர். நடுவர் பந்தை மேலே எழுப்பியதும் அதன் கீழே முட்டி மோதுகிற கூட்டம் ஒன்று இருக்குமே, அங்கேதான் அவருக்கு வேலை.

கேள்வி: அவர் எங்கிருந்து வந்தவர்? ஆரம்பத்திலேயே நட்சத்திரமா?

மெல்பர்னுக்கு வடமேற்கே, ஒரு காலத்தில் தங்கச் சுரங்கங்களால் செழித்த பெண்டிகோ நகரத்தில் 1988ஆம் ஆண்டு பிறந்தவர். நான்கு சகோதரர்கள். மூத்த இருவர் ஆடம், டிராய் இரட்டையர், கடைக்குட்டி ஸ்காட். நால்வருமே இந்த ஆட்டத்தின் தேசிய லீக்கான ஏஎஃப்எல் போட்டிகளில் ஆடியவர்கள். ஒரே வீட்டின் கொல்லைப்புறத்திலிருந்து நான்கு பேர் இந்த நிலைக்கு வந்தது இந்த நாட்டிலேயே அபூர்வம்.

ஆனால் ஆரம்பம் சுலபமாக இல்லை. பள்ளி முடித்த இளைஞர்களைக் கிளப்புகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ என்ற முறை இங்கே உண்டு. 2006இல், அதற்கு முந்தைய மாதங்களில், செல்வுட்டுக்கு முழங்காலில் காயம். அந்தக் கால் தேறுமா என்ற சந்தேகத்தில் பலர் தயங்கினர். ஆறு கிளப்புகள் வேறு பெயர்களைச் சொன்ன பிறகு, ஏழாவதாக ஜிலாங் அவரை எடுத்தது. அந்த ஆறில் ஒன்று ஹாதார்ன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2007 பருவத்தின் முதல் வாரத்திலேயே 14ஆம் எண் சட்டையில் களமிறங்கினார். அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரருக்கான ‘ரைசிங் ஸ்டார்’ விருது அவருக்கே கிடைத்தது. செப்டம்பரில், கோப்பையைத் தீர்மானிக்கும் கிராண்ட் ஃபைனலில், ஜிலாங் போர்ட் அடிலெய்டை 119 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியது. கிராண்ட் ஃபைனல் வரலாற்றிலேயே மிகப் பெரிய வெற்றி அது. 1963க்குப் பிறகு கோப்பைக்காக 44 ஆண்டுகள் காத்திருந்த ஊர். எங்கள் தெருவில் வயதானவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். செல்வுட்டுக்கு அப்போது 19 வயது.

கேள்வி: கேப்டன் என்றால் கிரிக்கெட் கேப்டன் மாதிரி வியூகம் வகுப்பாரா?

இல்லை. இங்கே யார் எங்கே ஆட வேண்டும், யாரை வெளியே அழைக்க வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியாளரின் பொறுப்பு. காகிதத்தில் பார்த்தால் கேப்டனுக்கு நாணயம் சுண்டுவதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை. உண்மையில் அவர் செய்வதை எழுதிவைக்க முடியாது. மூன்று கோல் பின்தங்கியிருக்கும் நேரத்தில் அடுத்த பந்துக்கு முதலில் யார் உடலைக் கொடுப்பது என்ற கேள்வி எழும். மற்ற பதினேழு பேரும் ஒருவரைப் பார்ப்பார்கள். அந்த ஒருவர்தான் கேப்டன்.

2007 முதல் டாம் ஹார்லி, பிறகு கேமரன் லிங் ஆகியோரின் தலைமையில் செல்வுட் வளர்ந்தார். 2011 கோப்பையோடு லிங் விடைபெற, 2012இல் பொறுப்பு இவர் தோளுக்கு வந்தது. வயது 23. பயிற்சியாளர் கிறிஸ் ஸ்காட்டும் அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தார். பதினோரு பருவங்கள் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள்.

கேள்வி (பிரிஸ்பேன் வாசகர்): அண்ணா, படங்களில் எல்லாம் தலையில் கட்டும் முகத்தில் ரத்தமுமாகவே இருக்கிறாரே?

தம்பி, அதற்கு ஒரு விதி காரணம். ரத்தம் வழியும் வீரர் களத்தில் நிற்கக் கூடாது. வெளியே போய், கசிவை நிறுத்தி, கட்டுப் போட்டுக்கொண்டுதான் திரும்பலாம். செல்வுட் போவார், வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு சில நிமிடங்களில் திரும்பி ஓடிவருவார். அரங்கமே எழுந்து நிற்கும்.

ஏன் இவருக்கு மட்டும் இத்தனை காயம்? தரையில் உருளும் பந்தை நோக்கி எதிரெதிராக இரண்டு பேர் ஓடிவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அடியில் பெரும்பாலானோர் கண நேரம் தயங்குவார்கள். அது மனித இயல்பு, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. செல்வுட் அந்தக் கணத்தில் குனிந்துவிடுவார். முதலில் குனிபவருக்குப் பந்து கிடைக்கும்; எதிரே வருபவரின் முழங்காலோ இடுப்போ தலையில் படும். துணிச்சல் மிக்க வீரர் என்று வீரர்கள் சங்கம் தரும் விருதைச் சக வீரர்கள் அவருக்குப் பலமுறை கொடுத்தது இதைப் பார்த்துத்தான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ரத்தக் கட்டை நான் ஒரு காலத்தில் வீரப் பதக்கமாகவே பார்த்தேன். இப்போது அப்படிப் பார்க்க முடியவில்லை. தலையில் விழும் அடி மூளையை என்ன செய்யும் என்று இந்த விளையாட்டு தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்ற விதியே 2021இல்தான் வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு அவருடைய மனத்திடத்தைக் காட்டுங்கள்; தலையை முன்னே நீட்டுவதை மட்டும் கற்றுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி (ரிச்மண்ட் ரசிகர்): நீங்கள் புகழ்வது இருக்கட்டும். ஃப்ரீ கிக் வாங்குவதற்காகவே அவர் தலையைக் கொடுத்தார் என்பதுதானே உண்மை?

நேரான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். தோளுக்கு மேலே பிடித்தால் பிடிபட்டவருக்கு ஃப்ரீ கிக், அதாவது தடையில்லாமல் பந்தை உதைக்கும் வாய்ப்பு, கிடைக்கும். செல்வுட்டின் உத்தி என்னவென்றால், எதிராளி கையைச் சுற்றும்போது முழங்காலைச் சற்று மடக்கித் தோளைத் தளர்த்துவார், கையை மேலே உயர்த்துவார். எதிராளியின் கை தோளிலிருந்து வழுக்கிக் கழுத்துக்குப் போய்விடும். நடுவரின் விசில் ஒலிக்கும்.

அவர் இதைத் தெரிந்தேதான் செய்தார். அன்றைய விதி அதை அனுமதித்தது. பிடியிலிருந்து விடுபடத்தான் கையைத் தூக்கினார், அதோடு ஃப்ரீ கிக்கும் சேர்ந்து கிடைத்தது என்பது என் எண்ணம். ஆனால் வளரும் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தலையை ஆபத்தில் வைக்கத் தொடங்கியது நல்லதல்ல. 2022 ஜூலையில், தோளுக்கு மேலே கை படுவதற்கு ஆட்டக்காரரே காரணமானால் ஃப்ரீ கிக் இல்லை என்று ஏஎஃப்எல் தெளிவுபடுத்தியது. நியாயமான முடிவு. அந்த முடிவுக்குப் பிறகும் செல்வுட் ஆடினார், அந்த ஆண்டுதான் கோப்பையையும் தூக்கினார். ஃப்ரீ கிக்கை நம்பி வாழ்ந்தவர் என்று சொல்வோருக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கேள்வி (அடிலெய்டு வாசகர்): 2007, 2009, 2011 கோப்பைகள் மற்றவர் தலைமையில் வந்தவை. இவர் கேப்டனாகப் பத்து ஆண்டுகள் ஒன்றும் வெல்லவில்லை. பிறகு எப்படி மாபெரும் கேப்டன்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். என் மதிப்பில், அவர் மாபெரும் கேப்டனாவது அந்தப் பத்து ஆண்டுகளால்தான்.

தோல்விகளை வரிசையாகப் பாருங்கள். 2008 கிராண்ட் ஃபைனலில் ஹாதார்னிடம் ஜிலாங் தோற்றது; இவர் அப்போது கேப்டன் இல்லை. அதன் பிறகு ஹாதார்னின் தலைவர் ஜெஃப் கென்னட், ஜிலாங்குக்கு எங்களை வெல்லும் மன உறுதி இல்லை என்ற பொருளில் பேசினார். அடுத்து இரு அணிகளும் மோதிய 11 ஆட்டங்களிலும் ஜிலாங்தான் வென்றது. ‘கென்னட்டின் சாபம்’ என்று ஊரே பேசியது. அந்தத் தொடர் முறிந்த நாள் 2013 அரையிறுதி (கிராண்ட் ஃபைனலுக்கு நேர் முந்தைய ஆட்டம்; இங்கே அதை ‘பிரிலிமினரி ஃபைனல்’ என்பார்கள்). செல்வுட் கேப்டன். ஐந்தே புள்ளியில் தோல்வி. டிராஃப்டில் இவரைத் தாண்டிப் போன அதே ஹாதார்ன். அன்று நான் மெல்பர்ன் மைதானத்தின் மேல்தளத்தில் இருந்தேன். ஆட்டம் முடிந்ததும் அவர் எதிரணி வீரர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கை குலுக்கினார். எங்கள் பகுதியில் யாருக்கும் பேச்சே வரவில்லை.

பிறகு 2016, 2017, 2019, 2021 என்று நான்கு முறை அரையிறுதியில் தோல்வி. 2021இல் மெல்பர்னிடம் 83 புள்ளியில் நொறுங்கினார்கள். இடையே 2020. கொரோனாவால் கிராண்ட் ஃபைனல் விக்டோரியாவை விட்டு பிரிஸ்பேனின் காபா மைதானத்துக்குப் போனது. இடைவேளையில் முன்னிலையில் இருந்தும் ரிச்மண்டிடம் 31 புள்ளியில் தோற்றோம். (கேள்வி கேட்ட ரிச்மண்ட் நண்பருக்கு அது இனிய நினைவாக இருக்கும்.)

இப்போது மறுபக்கம். இந்தப் போட்டியில் சம்பள உச்சவரம்பு உண்டு. கீழே முடிக்கும் அணிக்கே டிராஃப்டில் முதல் வாய்ப்பு. மேலே இருப்பவர்கள் சில ஆண்டுகளில் கீழே சரிய வேண்டும், அதற்காகவே அமைத்த ஏற்பாடு அது. அப்படியிருந்தும் 2007 முதல் 2022 வரை பதினாறு பருவங்களில் ஜிலாங் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாதது 2015இல் மட்டும்தான். பழைய கோப்பை வீரர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றனர். அணியே இரண்டு முறை உருமாறியது. நடுவில் நின்றவர் இவர் ஒருவர். ஒவ்வொரு செப்டம்பரிலும் மனம் உடைந்து, ஒவ்வொரு நவம்பரிலும் முதல் ஆளாகப் பயிற்சிக்கு வருவது, அதையும் பத்து ஆண்டு செய்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். கோப்பை வென்ற கேப்டன்கள் பலர் உண்டு. தோல்வியைப் பத்து ஆண்டு சுமந்தும் அணியைச் சரியவிடாத கேப்டன் எனக்குத் தெரிந்து மிகச் சிலரே.

கேள்வி: பிரவுன்லோ பதக்கம் வென்றாரா?

இல்லை. பருவத்தின் சிறந்த வீரருக்கு நடுவர்களின் வாக்குப்படி தரும் அந்தப் பதக்கம் 2013இல் ஒரே ஒரு வாக்கில் தவறியது. 28 வாக்குகள் பெற்று வென்றவர், ஜிலாங்கிலிருந்து கோல்ட் கோஸ்ட்டுக்குப் போன அவருடைய பழைய தோழர் கேரி அப்லெட்.

கேள்வி: சாதனைகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மொத்தம் 355 ஆட்டங்கள். அதில் 245 கேப்டனாக. கார்ல்டனின் ஸ்டீபன் கெர்னஹன் வைத்திருந்த 226 என்ற சாதனையை 2022இல் கடந்தார். இறுதிச் சுற்று ஆட்டங்கள் 40. ஹாதார்னின் மைக்கேல் டக் ஆடிய 39ஐத் தாண்டியது கடைசி ஆட்டத்தில். ஆண்டின் சிறந்த வீரர்களைத் தேர்ந்து அறிவிக்கும் ‘ஆல் ஆஸ்திரேலியன்’ கௌரவ அணியில் ஆறு முறை இடம், அதில் மூன்று முறை கேப்டன். கிளப்பின் சிறந்த வீரர் விருது மூன்று முறை. ஜிலாங்குக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவர் என்ற பெருமை மட்டும் பின்னர் டாம் ஹாக்கின்ஸுக்குப் போய்விட்டது.

கேள்வி (மலேசியாவிலிருந்து): ஐயா, 2022 கிராண்ட் ஃபைனலைக் கொஞ்சம் விவரியுங்களேன்.

செப்டம்பர் 24. எதிரே சிட்னி. ஜிலாங்கைக் கிழட்டு அணி என்று ஆண்டு முழுக்கப் பேசினார்கள். அந்த அணி தொடர்ந்து 15 வெற்றிகளோடு மெல்பர்ன் மைதானத்துக்குள் வந்தது. செல்வுட் உள்ளே வரும்போது அவர் கையில் ஒரு சிறுவன் இருந்தான். கேரி அப்லெட்டின் மகன், கடுமையான நோயுள்ள குழந்தை. வாழ்வின் மிகப் பெரிய ஆட்டத்துக்கு அந்தக் குழந்தையை மார்போடு அணைத்தபடி நடந்துவந்தார். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது.

ஆட்டம் முதல் காலாண்டிலேயே முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 81 புள்ளி வித்தியாசம். நான்காம் காலாண்டில் செல்வுட் ஒரு கோல் அடித்தார். அணி மொத்தமும் ஓடிவந்து அவரை மூடிக்கொண்டது. பந்து திரும்ப நடுவுக்கு வரும்வரை அவர் முகம் தெரியவே இல்லை.

இறுதி விசிலுக்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் என் நினைவில் நிற்கிறது. அணிக்கு நெடுநாள் உதவிவந்த, டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞர் ஒருவர் வேலிக்கு அப்பால் அழுதுகொண்டு நின்றார். செல்வுட் போய் அவரைத் தூக்கி மைதானத்துக்குள் கொண்டுவந்து கொண்டாட்டத்தில் சேர்த்துக்கொண்டார். நான்கு நாள் கழித்து ஓய்வை அறிவித்தார்.

கேள்வி: இப்போது என்ன செய்கிறார்?

ஓய்வுக்குப் பின் ரக்பி லீக் அணியான மெல்பர்ன் ஸ்டார்முக்குப் போய்த் தலைமைப் பண்பு தொடர்பான பொறுப்பு ஒன்றை ஏற்றார். ஜிலாங்கின் கார்டினியா பார்க்கில் புதிதாகக் கட்டிய பார்வையாளர் அரங்குக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (மெல்பர்ன் வாசகி): அண்ணா, என் மகனுக்கு எட்டு வயது, இந்த ஆண்டுதான் சேர்த்திருக்கிறேன். செல்வுட் ஆடிய எந்த ஆட்டத்தை அவனுக்குக் காட்டலாம்?

2022ஐக் காட்டத்தான் தோன்றும் தங்கச்சி, ஆனால் 2013 அரையிறுதியின் கடைசிக் காலாண்டை முதலில் காட்டுங்கள். பந்து இல்லாத நேரத்தில் 14ஆம் எண் என்ன செய்கிறார் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். யாரிடம் பேசுகிறார், யாருடைய தோளைத் தட்டுகிறார், விசில் ஒலித்ததும் யாரை நோக்கி நடக்கிறார் என்று அவனே சொல்லட்டும். 2022ஐ அடுத்த வாரம் போடுங்கள்.