சிக்னல் இல்லாத இடத்திலும் உதவுகிற போன் வேண்டும்: கடற்கரை வாசகர்களின் கேள்விகள்

அடுத்த ஆண்ட்ராய்டு, ஐபோன் அப்டேட்டில் உங்களுக்கு என்ன வசதி வேண்டும் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து மட்டும் தனியாக ஒரு கட்டு கடிதம் வந்திருக்கிறது. புது வால்பேப்பரையோ, ஏஐ படம் வரைவதையோ யாரும் கேட்கவில்லை. வெயில், உப்புத்தண்ணீர், சிக்னல் இல்லாத கடல், இங்கிலீஷ் படிக்க வராத அம்மா, இதையெல்லாம் தாங்குகிற போனைத்தான் கேட்டிருக்கிறார்கள். சிலவற்றுக்கு உங்கள் போனிலேயே வழி இருக்கிறது, சிலவற்றை நிறுவனங்கள் செய்துதான் ஆக வேண்டும்.

அதிகாலையில் முழு சார்ஜோடு வல்லத்தில் போனால் மத்தியானத்துக்குள் போன் அணைந்துவிடுகிறது. வீட்டில் இருந்தால் அதே போன் ராத்திரி வரை தாங்குகிறது. அடுத்த அப்டேட்டில் இதற்கு ஏதாவது செய்வார்களா?
(நாட்டுப்படகு மீனவர், பாம்பன்)

உங்கள் பேட்டரி மேல் தப்பு இல்லை. கரையை விட்டு விலக விலக டவர் சிக்னல் மெலிந்துகொண்டே போகும், எதிர்க்காற்றில் பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிட தொண்டை கிழியக் கத்துவது போல போனும் டவரை எட்டுவதற்குத் தன் சக்தி முழுவதையும் போடும். சிக்னல் அறவே போன பிறகும் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும், சார்ஜ் அதில்தான் கரைகிறது.

இப்போதைக்கு ஒரு வழி சொல்கிறேன். சிக்னல் போகிற இடம் எது என்று உங்களுக்கே தெரியும், அங்கே ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். அப்படிப் போட்டால் ஜிபிஎஸ்ஸும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், இன்றைய போன்களில் நிற்காது. ஜிபிஎஸ் என்பது மேலே இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வருவதைக் கேட்பது மட்டும்தான், அதற்கு டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். நெட் இல்லாவிட்டால் முதல் தடவை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். அதனால் கரையிலேயே மேப்பைத் திறந்து இடத்தைக் காட்டும் வரை பார்த்துவிட்டு, அந்தப் பகுதி மேப்பை ஆஃப்லைனில் டவுன்லோடும் செய்துகொண்டு கிளம்புங்கள். ஆனால் ஃப்ளைட் மோடில் இருக்கும்போது உங்களுக்கு யாரும் போன் பண்ண முடியாது, வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அப்டேட்டில் வர வேண்டியது என்ன என்றால், இந்த வேலையைப் போன் தானாகவே செய்ய வேண்டும். சிக்னல் போய் இவ்வளவு நேரம் ஆகிவிட்டது, ஆள் கடலில் இருக்கிறார் என்று ஜிபிஎஸ் வைத்தே போனுக்குத் தெரியும், அப்போது டவர் தேடுவதை அரை மணிக்கு ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டால் போதும், புதிதாக எந்தப் பொருளும் போனில் வைக்கத் தேவையில்லை. அதோடு, இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால் நெட் இல்லாமலே சத்தம் போட்டு எச்சரிக்க வேண்டும் என்று உங்கள் ஊர்க்காரர்கள் வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். 1974, 1976 ஒப்பந்தங்களில் குறித்த கோடு அது, இடக்குறிப்புகள் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன, போனுக்குள் ஏற்றி வைப்பது பெரிய வேலையே இல்லை. இருந்தாலும் போன் காட்டுவதை மட்டும் நம்பி எல்லை ஓரம் போகாதீர்கள்.

செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதியை ஆப்பிள் 2022-இல் ஐபோன் 14-இல் கொண்டுவந்தது, முதலில் அமெரிக்காவிலும் கனடாவிலும். ஆண்ட்ராய்டு 15-லும் செயற்கைக்கோள் செய்திக்கு இடம் வைத்திருக்கிறார்கள். கடலில் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய வசதி ஒரு போனில் இருக்க முடியாது என்பது என் எண்ணம். ஆனால் நம் நாட்டில் சாட்டிலைட் போன் வைத்துக்கொள்ளவே தனி அனுமதி வேண்டும், அதனால் இது வெறும் அப்டேட்டால் மட்டும் வந்துவிடாது, அரசும் கதவைத் திறக்க வேண்டும். அதுவரை, இஸ்ரோ உருவாக்கி 2024 ஆகஸ்ட் முதல் நாடு முழுக்க ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டத்தில் வரும் ட்ரான்ஸ்பாண்டரைப் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள், சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் அதில் இரண்டு பக்கமும் செய்தி போகும். சிக்னல் இருக்கிற இடத்தில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554.

அம்மா பாசி எடுக்கப் போகிறவர். பாறையில் உரசி உரசி விரலில் ரேகையே இல்லை. ரேஷன் கடையிலும் இதே பாடு, போனைத் திறப்பதிலும் இதே பாடு. கைரேகை வேண்டாம், வேறு ஏதாவது கொண்டுவரச் சொல்லுங்களேன்.
(கல்லூரி மாணவி, சின்னப்பாலம்)

தங்கச்சி, வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். இந்த சென்சார்களைச் செய்கிறவர்கள் மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் விரலை மனதில் வைத்தே செய்கிறார்கள். தேய்ந்த விரல், ஈரமான விரல், அதிலும் உப்புத்தண்ணீர் பட்ட விரல் என்றால் சென்சார் குழம்பிவிடுகிறது, உப்புத்தண்ணீரில் மின்சாரம் நன்றாகவே பாயும் என்பதால் ரேகையின் மேடு எது பள்ளம் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது செய்ய முடிந்தது இது. பெரும்பாலான போன்களில் ஒரே விரலை இரண்டு, மூன்று தடவை வேறு வேறு விரல் என்று சொல்லிப் பதியலாம். கடலுக்குப் போகாத நாளில், கை நன்றாகக் காய்ந்திருக்கும்போது, அதிகம் தேயாத சுண்டு விரலையோ மோதிர விரலையோ அப்படிப் பதிந்து பாருங்கள். அடுத்த போன் வாங்கும்போது பணம் இடம் கொடுத்தால் ஒலி அலையால் ரேகையைப் படிக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் உள்ளதா என்று கேளுங்கள், ஈர விரலை அது ஓரளவு நன்றாகவே படிக்கும், ஆனால் அது விலை கூடிய போன்களில்தான் கிடைக்கிறது.

முகத்தைக் காட்டித் திறக்கலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். விலை குறைந்த போன்களில் முன் கேமரா மட்டும் வைத்து முகத்தைப் பார்க்கிறார்கள், அதை ஆண்ட்ராய்டே பலம் குறைந்த பூட்டு என்று தரம் பிரித்து வைத்திருக்கிறது, அதனால் பேங்க் ஆப்கள் அதை ஏற்பதில்லை. 2025 அக்டோபரில் யுபிஐ பணம் அனுப்பவே பின் நம்பருக்குப் பதிலாக கைரேகை, முகம் வைக்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். சரி, நல்ல விஷயம்தான், ஆனால் ரேகை தேய்ந்தவர்களுக்கு அந்த வசதி எட்டாமலே போய்விடும். எனவே அப்டேட் செய்கிறவர்களிடம் நான் கேட்பது, தேய்ந்த விரலைப் பதியும்போது "மறுபடி வையுங்கள்" என்று நூறு தடவை சொல்லாமல் எந்த விரல் நன்றாகப் பதிகிறது என்று எடுத்துச் சொல்லட்டும், பின் நம்பர் போடும் கட்டங்களைப் பெரிதாக்கும் வசதியை எல்லாப் போனிலும் வைக்கட்டும். கை உழைப்பால் தேய்ந்ததற்காக ஒருவர் தன் போனுக்கு வெளியே நிற்கக் கூடாது.

தனுஷ்கோடிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் "இலங்கைக்கு வரவேற்கிறோம்" என்று மெசேஜ் வருகிறது. காசு போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். இதை அப்டேட்டில் சரிசெய்ய முடியாதா?
(சங்குக் கடைக்காரர், ராமேஸ்வரம்)

முடியும். நம் டவர் மெலிந்து தலைமன்னார் பக்கத்து டவர் பலமாக இருந்தால் போன் அதோடு ஒட்டிக்கொள்ளும், அதுதான் நடக்கிறது. செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதையும் நிறுத்தி உங்கள் கம்பெனியைக் கையால் தேர்வு செய்யச் சொல்லுங்கள். திரும்பிப் போகும்போது பழையபடி மாற்றச் சொல்ல மறந்துவிடாதீர்கள். நல்லவேளை, இலங்கை 2006 முதல் நம் நேரத்தையே வைத்திருக்கிறது, அதனால் கடிகாரம் மாறுவதில்லை. வேறு நாட்டு டவரில் ஏறும் முன்பு போன் ஒரு வார்த்தை கேட்டால் இந்தக் குழப்பமே இருக்காது, எல்லை ஓரம் இருக்கிற எல்லா ஊருக்கும் இது தேவை.

மகன் துபாயில் இருக்கிறான். போனைத் தமிழில் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான், ஆனால் பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். போதாததற்குத் திடீரென்று போன் எடுக்கிற பட்டனே மாறிவிட்டது, இரண்டு நாள் அவன் அழைப்பை எடுக்கத் தெரியவில்லை.
(குடும்பத்தலைவி, கீழக்கரை)

முதலில் பட்டன். 2025 ஆகஸ்டில் ஏராளமான ஆண்ட்ராய்டு போன்களில் இப்படி ஆனது, கூகுளின் போன் ஆப் புது வடிவத்துக்கு மாறியதால் வந்தது. அந்த ஆப்பின் செட்டிங்ஸில், வரும் அழைப்பை இழுத்து எடுப்பதா, ஒரு தட்டில் எடுப்பதா என்று நீங்களே தேர்வு செய்யலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது கூப்பிட்டு மாற்றிக்கொள்ளுங்கள் அம்மா.

நிறுவனங்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். போனை எடுப்பதும் வைப்பதும் கை பழகிச் செய்கிற வேலை. அதை மாற்றுவதாக இருந்தால் முன்பே சொல்லி, பழையதே போதும் என்கிறவர்களுக்குப் பழையதையே விட்டுவைக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் குரலைக் கேட்க முடியாமல் ஒரு தாய் இரண்டு நாள் தவிக்கும்படி விட்டுவிட்டு அதை முன்னேற்றம் என்று சொல்லக் கூடாது.

மொழி விஷயத்துக்கு ஆண்ட்ராய்டு 13-இல், அதாவது 2022-லேயே, ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி மொழி வைக்கும் வசதி வந்துவிட்டது. செட்டிங்ஸில் மொழிகள் பகுதியில் ஆப் மொழிகள் என்று இருக்கும். ஆனால் ஆப் செய்தவர்கள் தமிழைச் சேர்த்திருந்தால்தான் அது வேலை செய்யும், அந்தப் பாதி இங்கிலீஷ் அங்கிருந்துதான் வருகிறது.

போன் வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை, "இதற்கு இனி அப்டேட் கிடையாது" என்கிறார் கடைக்காரர். எங்களைப் போன்றவர்களுக்கு என்ன புது வசதி வந்து என்ன பயன்?
(ஐஸ் கம்பெனி ஊழியர், தொண்டி)

நியாயமான கேள்வி. மேலே பேசிய எல்லா ஆசைக்கும் அடியில் இருப்பது இதுதான், அப்டேட்டே வராத போனில் எந்த வசதியும் வரப்போவதில்லை. கூகுள் ஆண்ட்ராய்டை வெளியிட்டதும் அது நேராக உங்கள் போனுக்கு வராது. சிப் கம்பெனி தன் பங்கைச் செய்ய வேண்டும், போன் கம்பெனி அதன் மேல் தன் வேலையைச் செய்து சோதிக்க வேண்டும், குறைந்த விலைப் போனில் லாபம் குறைவு என்பதால் அந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். இதைச் சுலபமாக்க 2017-லேயே ஆண்ட்ராய்டு 8-இல் ட்ரெபிள் என்ற பெயரில் உள்கட்டமைப்பையே பிரித்து வைத்தார்கள். ஆகவே முடியாது என்பதல்ல பிரச்சினை, மனம் வைப்பதில்லை. மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு 2023-இல் வந்த பிக்சல் 8-ம், 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-ம் சாட்சி, இரண்டுக்கும் 7 வருட அப்டேட் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருடம் அப்டேட் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அங்கே விற்கிற கம்பெனிகள் பலவும் இங்கேயும் விற்கின்றன. நம் நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் வந்தால், பத்தாயிரம் ரூபாய் போன் வாங்குகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய புது வசதி வேறு இல்லை.

உங்கள் போன் ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் என்றால், கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட் என்று தனியாக ஒன்று செட்டிங்ஸில் இருக்கும், கம்பெனி கைவிட்ட பிறகும் சில பாதுகாப்புத் திருத்தங்கள் அந்த வழியில் வரலாம். எப்போதாவது திறந்து பாருங்கள். அடுத்த போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதற்கு முன்னால், எத்தனை வருடம் அப்டேட் என்று கேளுங்கள்.

திடீரென்று பெரிய சத்தத்தோடு எமர்ஜென்சி அலர்ட் வருகிறது. பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள், நிறுத்த வழி உண்டா?
(ஆசிரியை, தேவிபட்டினம்)

வழி இருக்கிறது, ஆனால் நிறுத்தாதீர்கள். 2023-இல் நாடு முழுக்கச் சோதித்துப் பார்த்த ஏற்பாடு அது. ஒரு பகுதியின் டவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் செய்தியை வீசும், நெட் வேண்டாம், உங்கள் நம்பர்கூட அவர்களுக்குத் தெரிய வேண்டாம், கூட்ட நெரிசலில் போன் லைன் கிடைக்காத நேரத்திலும் வந்து சேரும். 2018-இல் கஜா புயலைப் பார்த்த கடற்கரை நம்முடையது, சைலண்டில் கிடக்கிற போனையும் எழுப்புகிற சத்தம் இரவில் தேவை. பிள்ளைகளிடம் அது என்ன சத்தம் என்று வகுப்பிலேயே சொல்லிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக அந்தச் செய்தியைத் தமிழில் வாசித்துக் காட்டுவது எல்லாப் போனிலும் வர வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அபராத ரசீது என்று ஒரு ஃபைல் வந்தது, அமுக்கியதும் ஆப் போல இன்ஸ்டால் ஆகப் பார்த்தது. போனே இதைத் தடுக்காதா?
(ஆட்டோ ஓட்டுநர், ராமநாதபுரம்)

பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் யார் அனுப்பியிருந்தாலும் தொடாதீர்கள், உங்கள் ஓடிபியைத் திருடத்தான் அது. ஆண்ட்ராய்டு 16-இல் ஒரு நல்ல தடுப்பு வைத்திருக்கிறார்கள், தெரியாத நம்பரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் ஏற்ற முதல் தடவை அனுமதி கேட்டால் போன் மறுத்துவிடும். இது பழைய போன்களுக்கும் வர வேண்டும், ஏமாறுகிறவர்களில் பலரிடம் இருப்பது பழைய போன்தான். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

அப்டேட் வந்திருக்கிறது என்று காட்டுகிறது. போட்டால் போன் கெட்டுவிடும் என்கிறார்கள். எப்போது போடலாம்?
(விசைப்படகு ஓட்டுநர், மண்டபம்)

மாதாமாதம் வரும் சின்னப் பாதுகாப்பு அப்டேட்டை உடனே போடுங்கள். ஆண்ட்ராய்டு நம்பரே மாறுகிற பெரிய அப்டேட் என்றால் இரண்டு வாரம் பொறுத்து, அதே மாடல் வைத்திருக்கிறவர்களிடம் விசாரித்துவிட்டுப் போடலாம். கடலுக்குப் போகும் முந்தின ராத்திரி மட்டும் வேண்டாம், புது அப்டேட் போட்ட சில நாள் பேட்டரி வழக்கத்தைவிட வேகமாக இறங்கும், அப்புறம்தான் சரியாகும். உங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் இருக்கிறதே, பெரிய அப்டேட்டுக்கு அதைவிடத் தோதான நேரம் கிடையாது. போட்டோ, காண்டாக்ட் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து, வாட்ஸ்அப்பில் சேர்ந்து கிடக்கிற வீடியோக்களை அழித்து இடம் உண்டாக்கி, பேட்டரியைப் பாதிக்கு மேல் ஏற்றி, வைஃபை இருக்கிற இடத்தில் போடுங்கள். சார்ஜ் போடும் ஓட்டையில் ஈரம் என்று போன் காட்டினால் நன்றாகக் காயும்வரை பொறுங்கள், அரிசிக்குள் புதைத்து வைக்க வேண்டாம், அரிசித் தூள் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்.