சோயா மெழுகு 250 கிராம்: அடுப்பை எப்போது அணைப்பது?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டிலேயே சோயா மெழுகில் வாசனை மெழுகுவர்த்தி செய்கிறேன். ஒரு தடவைக்கு 250 கிராம்தான். துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டரில் பார்த்துப் பார்த்துத்தான் செய்கிறேன். ஆனாலும் ஒரு நாள் மேல்பக்கம் வழவழவென்று வருகிறது, மறுநாள் குழி குழியாக இருக்கிறது. வாசனை எண்ணெய் பாட்டிலில் பிளாஷ் பாயின்ட் 65 டிகிரி என்று போட்டிருப்பதால், மெழுகு 60-க்கு இறங்கிய பிறகுதான் எண்ணெய் சேர்க்கிறேன். மெழுகுவர்த்தியை ஏற்றினால் மணமே இல்லை. சூட்டை எப்படிக் கட்டுப்படுத்துவது?"

முதலில் அந்த பிளாஷ் பாயின்ட் பயத்தைத் தீர்த்துவிடலாம். உங்கள் மணம் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். எண்ணெயிலிருந்து எழும் ஆவி, பக்கத்தில் ஒரு தீப்பொறி இருந்தால் பற்றிக்கொள்ளக்கூடிய வெப்பநிலையைத்தான் பிளாஷ் பாயின்ட் என்கிறார்கள். அந்தச் சூட்டில் மணம் பறந்துவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. எண்ணெயைப் பத்திரமாக வைத்திருக்கவும் வண்டியில் அனுப்பவும் உதவும் எண் அது. அதை மதிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: எண்ணெய் ஊற்றும்போது பாத்திரம் அடுப்பில் இருக்கக் கூடாது, பக்கத்திலும் தீ எரியக் கூடாது. இறக்கி வைத்து ஊற்றினால் 80 டிகிரி மெழுகில் தாராளமாகச் சேர்க்கலாம். 60-இல் சோயா மெழுகு உறையும் சூட்டை நெருங்கிக்கொண்டிருக்கும். அப்போது ஊற்றும் எண்ணெய் சீராகக் கலக்காது. கொஞ்சம் அடியில் தங்கும், கொஞ்சம் மேலே வியர்வையாகத் துளிர்க்கும்.

இனி, ஒரு நாள் சரியாகவும் மறுநாள் கோணலாகவும் வருவது. பெரிய அண்டாவில் 10 கிலோ உருக்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவ்வளவு மெழுகு மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள நேரம் கிடைக்கும். 250 கிராம் அப்படி இல்லை. கட்டி மிச்சம் இருக்கும் வரை, கொடுக்கிற சூடெல்லாம் அதைக் கரைக்கவே செலவாகும். தெர்மாமீட்டர் 50-ஐ ஒட்டியே நின்றுகொண்டிருக்கும். 'இன்னும் ஏறவில்லையே' என்று தீயைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். கடைசிச் செதில் கரைந்த மறுநிமிடத்திலிருந்து எண்கள் விறுவிறுவென ஓடும். நீங்கள் 85-ஐப் பார்த்து அடுப்பை அணைத்தால், பாத்திரமும் சுற்றியுள்ள தண்ணீரும் வைத்திருக்கும் சூட்டில் மெழுகு இன்னும் பல டிகிரி ஏறிவிடும். சோயா மெழுகு 93-ஐத் தாண்டினால் மஞ்சளிக்க ஆரம்பிக்கும். அதனால் கரைந்து முடியும்போதே தீயைச் சிம்மில் வையுங்கள், 78-இல் அணையுங்கள். மிச்சம் தானாக ஏறி 83, 85-இல் வந்து நிற்கும்.

இதெல்லாம் டபுள் பாய்லரில், அதாவது கொதிக்கும் தண்ணீருக்குள் பாத்திரத்தை இறக்கி உருக்கும்போது. நேரடித் தீயில் மெழுகு உருக்கவே வேண்டாம். இண்டக்ஷன் அடுப்பில் '80 டிகிரி' என்று அமைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அது அளப்பது பாத்திரத்தின் அடிச் சூட்டை, உள்ளே இருக்கும் மெழுகின் சூட்டை இல்லை.

அடுத்தது, உங்கள் துப்பாக்கித் தெர்மாமீட்டர். அது மேல்பரப்பை மட்டும்தான் பார்க்கும். மேலே ஆறியிருக்கும் மெழுகு உள்ளே இன்னும் சூடாக இருக்கலாம். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் பக்கவாட்டில் காட்டினால், உண்மையைவிட வெகு குறைவாகச் சொல்லும். தூரத்திலிருந்து அடித்தால் மெழுகோடு பாத்திரத்தின் விளிம்பையும் சேர்த்து அளந்துவிடும். ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி வருவதில் இதற்கும் பங்கு உண்டு. கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். கம்பியின் முனை மெழுகின் நடுவில் இருக்கட்டும், அடியைத் தொடக் கூடாது. வாங்கியதும் சோதித்துவிடுங்கள்: ஐஸ் நிறையப் போட்டுக் கலக்கிய தண்ணீரில் 0 காட்ட வேண்டும், கொதிக்கும் தண்ணீரில் கோவையில் 98, 99 காட்டினால் சரி. ஊட்டியில் இருப்பவர்களுக்கு 93-ஐ ஒட்டித்தான் வரும். அங்கே தண்ணீர் கொதிப்பதே அந்தச் சூட்டில்தான், தெர்மாமீட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

சரி, 85 வந்துவிட்டது. பாத்திரத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் அடிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். அங்கே தொங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர், ஊற்றும்போது ஜாடிக்குள் விழுந்தால் போதும், பின்னால் திரி படபடவென்று வெடித்து எரியும். இதைப் பலரும் திரியின் குறை என்று நினைத்துத் திரியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

250 கிராமுக்கு 8 சதவீதம் என்றால் 20 கிராம் எண்ணெய். மில்லி அளவில் வேண்டாம், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அறைச் சூட்டில் இருக்கும் அந்த 20 கிராம் உள்ளே போனதுமே மெழுகு ஏறக்குறைய 4 டிகிரி இறங்கும். 80-இல் கலக்க வேண்டும் என்றால் 84, 85-இல் ஊற்றச் சொல்வது இதனால்தான். இரண்டு நிமிடம், நுரை கட்டாமல், அடியைத் தொட்டுத் தொட்டு மெதுவாகக் கலக்குங்கள்.

இதற்குப் பிறகு ஆற விடும் நேரம்தான் சின்ன அளவில் செய்கிறவர்களை ஏமாற்றும். நடுவில் 62 இருக்கும்போதே பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளை வளையம் கட்டத் தொடங்கிவிடும். அந்த வளையம் உடைந்து ஜாடிக்குள் போனால் மேல்பக்கம் சொரசொரப்பாகும். நிமிடத்துக்கு ஒரு முறை ஓரத்தையும் சேர்த்து லேசாகக் கலக்கிக்கொண்டே இருந்தால் எல்லா இடமும் ஒரே சூட்டில் இறங்கும். கை தவறி அதிகம் ஆறிவிட்டால் திரும்ப அடுப்பில் வைக்காதீர்கள். டபுள் பாய்லரில் மிச்சமிருக்கும் சுடுதண்ணீரில் அரை நிமிடம் நிறுத்தினாலே போதும்.

ஜாடியில் ஊற்ற 57 டிகிரியிலிருந்து தொடங்குங்கள். மெழுகு விற்றவர் தந்த குறிப்பில் வேறு எண் இருந்தால் அதற்கே முன்னுரிமை, ஏனென்றால் சோயா மெழுகிலேயே கலவைக்குக் கலவை நடத்தை மாறும். பாரபின், அதாவது கடையில் கிடைக்கும் சாதாரண மெழுகுவர்த்தியின் மெழுகு என்றால் கணக்கே வேறு. அது 58, 60-இலேயே உறையத் தொடங்குவதால் 70-க்கு மேல்தான் ஊற்றியாக வேண்டும்.

குழி விழுவதற்கு இன்னொரு காரணம், தலைக்கு மேல் சுற்றும் ஃபேன். மேல்பக்கம் முதலில் உறைந்து மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கும் மெழுகு பின்னால் ஆறிச் சுருங்கும், அப்போது மேல் தோல் உள்வாங்கும். ரொம்பச் சூடாக ஊற்றினால் இது இன்னும் மோசமாகும். ஊற்றியதிலிருந்து நன்றாக உறையும் வரை ஃபேனும் ஏசியும் வேண்டாம். ஜாடிகளைக் கிரானைட் மேடையில் நேராக வைக்காதீர்கள், அந்தக் கல் அடியிலிருந்து சூட்டை உறிஞ்சும். மரப்பலகையோ மடித்த அட்டையோ போதும். மார்கழியில் ஜாடி கைக்குச் சில்லென்று இருந்தால், ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டிவிட்டு ஊற்றுங்கள். ஏற்கனவே குழி விழுந்த மெழுகுவர்த்தியின் மேல்பக்கத்தையும் அதே டிரையரால் உருக்கிச் சமன் செய்யலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெழுகு அடுப்பில் இருக்கும்போது காலிங்பெல் அடித்தாலும் சரி, போன் வந்தாலும் சரி, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடி கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். மெழுகு தீப்பிடித்தால் மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் எரியும் மெழுகு நாலா பக்கமும் தெறிக்கும்.

அப்புறம் மணம். உறைந்த மறுநாளே ஏற்றிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மூடி போட்டு, வெயில் படாத இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். சோயா மெழுகுக்கு அந்த அவகாசம் தேவை. பிறகும் மணம் மெலிதாக இருந்தால், உருகும் மெழுகு ஜாடியின் ஓரம் வரை பரவுகிறதா என்று பாருங்கள். பரவாவிட்டால் திரியை ஒரு அளவு பெரிதாக்குங்கள். எண்ணெயை 20 கிராமிலிருந்து 30-க்கு ஏற்றுவது பயன்படாது. பெரும்பாலான சோயா மெழுகுகள் 10 சதவீதத்துக்கு மேல் எண்ணெயைப் பிடித்து வைப்பதில்லை. மிஞ்சியது ஜாடியின் அடியில்தான் போய்ச் சேரும்.